சாங்க்வின்: ‘நம்பிக்கையான’ என்று எழுதினால் போதுமா?

ஏட்டுச்சுவடி எழுதியது:

வணக்கம். ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரின் நினைவுக்குறிப்புகளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். மூன்று நாட்களாக ‘சாங்க்வின்’ (sanguine) என்ற ஒரே ஆங்கிலச் சொல்லில் வண்டி நின்றுவிட்டது.

காட்சி இதுதான். பாதி கட்டிய பாலம். இரவில் வெள்ளம் ஏறுகிறது, தற்காலிகத் தாங்கிகளைத் தண்ணீர் அரிக்கிறது. எல்லோரும் கரையில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள். தலைமைப் பொறியாளர் மட்டும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நனைந்த பூட்ஸைக் கழற்றித் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு, “காலையில் எண்ணிப் பார்ப்போம், முக்கால்வாசி நிற்கும்” என்கிறார். அடுத்த வரியில் நூலாசிரியர் எழுதுகிறார்: எங்களில் ‘சாங்க்வின்’ ஆக இருந்தவர் அவர் ஒருவர்தான்.

அகராதியில் ‘ஆப்டிமிஸ்டிக்’, அதாவது நல்லதே நடக்கும் என்று நம்புகிற, என்று போட்டிருக்கிறது. சரி, ‘நம்பிக்கையானவர் அவர் ஒருவர்தான்’ என்று எழுதினேன். மறுநாள் படித்தால் தூக்கிவாரிப் போட்டது. மற்றவர்கள் எல்லாம் கையாடல் செய்கிறவர்கள் என்பதுபோல் இருக்கிறது! ‘நம்பிக்கை கொண்டவர்’ என்று மாற்றினேன். இப்போது அவர் ஒருவர்தான் கடவுளை நம்புகிறவர் என்று ஆகிவிட்டது. என்னதான் செய்வது?

சொல்லாய்வன் எழுதியது:

நல்ல இடத்தில்தான் மாட்டியிருக்கிறீர்கள். தமிழில் ‘நம்பிக்கை’ ஒரு கூட்டுக்குடும்பம். ஆங்கிலத்தில் ‘ஹோப்’, ‘டிரஸ்ட்’, ‘ஃபெயித்’, ‘பிலீஃப்’ என்று தனித்தனி வீட்டில் இருப்பவர்கள் எல்லாம் இங்கே ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். அதனால்தான் முன்னால் ஓர் ஒட்டு போட்டுப் பிரிக்கிறோம்: தன்னம்பிக்கை, அவநம்பிக்கை, மூடநம்பிக்கை, கடவுள் நம்பிக்கை. ‘ஆன’ சேர்த்துப் பெயரடை ஆக்கியவுடன் பொருள் ‘டிரஸ்ட்’ பக்கம் சாய்ந்துவிடுகிறது. ‘நம்பிக்கையான ஆள்’ என்றால் நாம் அவரை நம்பலாம் என்று பொருள். அவர் எதையாவது நம்புகிறார் என்று பொருள் இல்லை. நம்பும் ஆளும் நம்பப்படும் ஆளும் இடம் மாறிவிடுகிறார்கள்.

‘நன்னம்பிக்கை’ என்று ஒரு சொல் இருக்கிறது. ஆனால் அது தென்னாப்பிரிக்காவின் முனையில் போய்க் குடியேறிவிட்டது. நன்னம்பிக்கை முனையை விட்டால் வேறு எங்கும் அதைப் பார்ப்பது அரிது.

தேர்வுக்காரி எழுதியது:

எனக்கும் இது பயன்படும், போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். என் புத்தகத்தில் சாங்க்வின் என்பதற்கு நேராக ஆப்டிமிஸ்டிக், ஹோப்ஃபுல், பாயண்ட் (buoyant), கான்ஃபிடென்ட், சியர்ஃபுல், அப்பீட், புல்லிஷ், ரோஸி என்று வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். இவற்றில் எதை வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்தானே?

செம்பென்சில் எழுதியது:

போட்டுக்கொள்ளலாம், தங்கையே, மதிப்பெண்ணும் கிடைக்கும். வாக்கியம்தான் கெட்டுப்போகும். ஒரே அலமாரியில் தொங்குகின்றன என்பதற்காக எல்லாச் சட்டைகளும் ஒரே அளவு ஆகிவிடுமா?

மருந்துப்பெட்டி எழுதியது:

இந்தச் சொல்லோடு எனக்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த புதிதில், ஒரு நோயாளியின் குடும்பத்துக்காக மருத்துவர் எழுதிய கடிதத்தைத் தமிழாக்கித் தரச் சொன்னார்கள். அதில் ஒரு வரி: இரண்டாவது அறுவைச் சிகிச்சையைப் பொறுத்தவரை நாங்கள் அவ்வளவு ‘சாங்க்வின்’ ஆக இல்லை. ‘சாங்க்’ என்று தொடங்கினால் இரத்தம் என்று எங்கோ படித்த ஞாபகம். அறுவைச் சிகிச்சை வேறு. கை தானாக எழுதிவிட்டது: ‘இரண்டாவது அறுவைச் சிகிச்சையில் இரத்தப்போக்கு அதிகம் இருக்காது.’

மருத்துவர் கவலையைச் சொன்னார். நான் ஆறுதலைச் சொல்லிவிட்டேன். நல்லவேளையாக அந்தக் கடிதம் வெளியே போவதற்கு முன் மூத்தவர் ஒருவர் கண்ணில் பட்டது. அவர் திட்டவில்லை. அந்த வரியின் கீழே கோடு போட்டு, ஓரத்தில் ‘வேர் சரி, மரம் தவறு’ என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்தார். இன்றும் அந்தத் தாளை வைத்திருக்கிறேன்.

வேர் சரி என்று அவர் சொன்னதும் உண்மைதான். லத்தீனில் ‘சாங்குவிஸ்’ என்றால் இரத்தம். அங்கிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. நம்பிக்கைக்கும் இரத்தத்துக்கும் என்ன உறவு என்று கேட்டால் பழைய கிரேக்க மருத்துவத்துக்குப் போக வேண்டும். உடலில் நான்கு நீர்கள் ஓடுகின்றன என்று ஹிப்போகிராட்டஸ் வழியினர் கருதினார்கள்: இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கேலன் என்ற மருத்துவர் அதை விரித்து எழுதினார். அது ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அசையாமல் நின்றது. எந்த நீர் மிஞ்சுகிறதோ அதுவே ஆளின் குணம். சளி மிஞ்சினால் மந்தம், மஞ்சள் பித்தம் மிஞ்சினால் கோபம், கரும்பித்தம் மிஞ்சினால் துயரம். இரத்தம் மிஞ்சியவருக்குக் கன்னம் சிவந்திருக்கும், உற்சாகம் பொங்கும், நாளை நல்லபடியாகவே விடியும் என்று தோன்றும். அவர்தான் ‘சாங்க்வின்’.

ஆகவே தொடக்கத்தில் இது ஒரு கருத்தைக் குறித்த சொல்லே இல்லை. உடம்பைக் குறித்த சொல்.

சொல்லாய்வன் எழுதியது:

அருமை. இதோடு ஒன்று சேர்க்கிறேன். ஆங்கிலக் கவிஞர் சாஸரின் கேன்டர்பரி கதைகளில், 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதப்பட்ட அந்தப் பொது முன்னுரையில், இந்தச் சொல் இரண்டு ஆட்களிடம் வருகிறது. நிலக்கிழார் ஒருவர், வெள்ளைத் தாடி, நல்ல சாப்பாட்டுப் பிரியர்; அவர் உடல்வாகு ‘சாங்க்வின்’. மருத்துவர் ஒருவரும் வருகிறார். அவர் அணிந்திருக்கும் துணி ‘சாங்க்வின்’, அதாவது இரத்தச் சிவப்பு. ஒரே முன்னுரையில் ஒருவருக்குக் குணம், இன்னொருவருக்குச் சாயம். ‘நம்பிக்கை மிகுந்த’ என்ற இன்றைய பொருள் அதற்குப் பிறகுதான் ஊறி வந்தது.

சாயப் பொருளும் முழுக்கச் செத்துவிடவில்லை. ஓவியர்கள் செந்நிறச் சுண்ணக்கட்டியால் வரையும் படத்துக்கு இன்றும் ‘சாங்க்வின்’ என்றுதான் பெயர். லியோனார்டோ தா வின்சியின் சுய உருவம் என்று பரவலாகக் கருதப்படும், டூரினில் இருக்கும் தாடிக் கிழவர் படம் அந்த வகைதான். அந்தக் கிழவர் முகத்தில் நம்பிக்கையைத் தேடினால் கிடைக்காது என்பது வேறு விஷயம்.

நிதானி எழுதியது:

வேர் ஆராய்ச்சி சுவையாக இருக்கிறது. ஆனால் கேட்டவர் கேட்டது பாலத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதரைப் பற்றி. வேரைத் தோண்டித் தோண்டி மரத்தைச் சாய்த்துவிடாதீர்கள்.

என் கேள்வி: இன்று எழுதுகிறவர்கள் இந்தச் சொல்லை எப்படிப் பயன்படுத்துகிறார்கள்? நான் நாளெல்லாம் ஆங்கிலச் செய்திக் கட்டுரைகளைப் படித்துச் சுருக்கித் தருகிறவன். என் கண்ணில் படுகிற சாங்க்வின்களில் பெரும்பாலானவை எதிர்மறைத் துணையோடுதான் வருகின்றன. ‘நாட் சாங்க்வின்’, ‘லெஸ் சாங்க்வின்’, ‘அவ்வளவு சாங்க்வின் அல்ல’. யாரும் ‘நான் சாங்க்வின் ஆக இருக்கிறேன்’ என்று காலையில் எழுந்து சொல்வதில்லை. அதற்கு ஆப்டிமிஸ்டிக் இருக்கிறது. மெல்லிய குரலில் ‘எனக்கு இதில் அவ்வளவு திருப்தி இல்லை’ என்று சொல்ல வேண்டும்போதுதான் கனவான்கள் இதை எடுக்கிறார்கள். மருந்துப்பெட்டி அம்மாவின் மருத்துவரும் அப்படித்தான் எடுத்திருக்கிறார், பாருங்கள்.

தமிழில் இதற்கு எதிர்மறையை நேராக எழுதாமல் வினையால் சொல்வது நல்லது: ‘எங்களுக்கு அவ்வளவு தைரியம் வரவில்லை’, ‘பெரிதாக எதிர்பார்ப்பதற்கில்லை’.

செம்பென்சில் எழுதியது:

எதிர்மறை இல்லாமல் வரும்போது இன்னொரு நிறம் உண்டு. பல அகராதிகள் ‘குறிப்பாக நிலைமை மோசமாக இருக்கும்போது’ என்று ஒரு வாலையும் சேர்த்துத்தான் பொருள் தருகின்றன. அந்த வாலில்தான் விஷயமே இருக்கிறது. வெயில் அடிக்கும்போது நல்ல நாள் என்று சொல்பவர் ஆப்டிமிஸ்டிக் ஆக இருக்கலாம். கூரை ஒழுகும்போது சொன்னால்தான் சாங்க்வின்.

‘இடுக்கண் வருங்கால் நகுக’ என்று 621ஆம் குறளில் சொன்னாரே, அந்த நகைப்புக்குப் பக்கத்து வீடு இது. அந்த அதிகாரத்தின் பெயர் ‘இடுக்கண் அழியாமை’. ஏட்டுச்சுவடி, உங்கள் பொறியாளருக்கு நம்பிக்கை அதிகாரம் தேவையில்லை, அழியாமை அதிகாரம்தான் தேவை. ‘மனந்தளராதவர்’, ‘கலங்காதவர்’ என்று போட்டுப் பாருங்கள்.

தேர்வுக்காரி எழுதியது:

எனக்குத் தலை சுற்றுகிறது. அப்படியானால் மற்றச் சொற்கள்? யாராவது ஒவ்வொன்றாகச் சொன்னால் புண்ணியம்.

சொல்லாய்வன் எழுதியது:

எல்லாவற்றையும் விரித்தால் விடிந்துவிடும். எனக்குப் பிடித்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஆப்டிமிஸ்டிக் வயதில் இளையது. லத்தீனில் ‘ஆப்டிமுஸ்’ என்றால் மிகச் சிறந்தது. இருக்கக்கூடிய உலகங்களிலெல்லாம் சிறந்ததையே கடவுள் படைத்திருக்கிறார் என்று ஜெர்மன் தத்துவவாதி லைப்னிட்ஸ் 1710இல் எழுதினார். அந்தக் கோட்பாட்டுக்கு ‘ஆப்டிமிசம்’ என்ற பிரெஞ்சுப் பெயரை அவரை விமர்சித்தவர்கள் 1737இல் சூட்டினார்கள். 1755இல் லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தில் இடிந்தது. 1759இல் பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் ‘கான்டீட், அல்லது ஆப்டிமிசம்’ என்று ஒரு கதை எழுதி அந்தக் கொள்கையைக் கிழித்துத் தோரணம் கட்டினார். ஆக, இன்று மேடைதோறும் புகழப்படும் இந்தச் சொல் பிறந்ததே ஒரு கேலியின் தொட்டிலில். அந்தக் கதையில் வரும் ஆசிரியர் பாங்லாஸ். எது இடிந்து விழுந்தாலும் எல்லாம் நன்மைக்கே என்பவர். அவர் பெயரிலிருந்து வந்தது ‘பாங்லாஸியன்’. அதைப் பாராட்டாக யாருக்கும் எழுதிவிடாதீர்கள்.

அதன் தங்கை ‘பாலியானா’, 1913இல் வந்த ஒரு சிறுவர் நாவலின் நாயகி. எதிலும் மகிழ ஒரு காரணம் கண்டுபிடிக்கும் சிறுமி. நாவலில் அவள் நல்ல பெண்தான். அகராதிக்கு வந்தபிறகு அசடு ஆகிவிட்டாள். இந்த இரண்டுக்கும் தமிழில் ‘அசட்டு நம்பிக்கை’ கச்சிதம்.

ஹோப்ஃபுல் பற்றி ஒன்று மட்டும். ஆப்டிமிஸ்டிக் ஆக இருப்பவர் நடக்கும் என்று கணக்குப் போடுகிறார். ஹோப்ஃபுல் ஆக இருப்பவர் நடக்க வேண்டுமே என்று விரும்புகிறார். கணக்கு பொய்த்த பிறகும் ஹோப்ஃபுல் ஆக இருக்க முடியும்.

தாளக்கட்டு எழுதியது:

அப்பீட் என்பதை விட்டுவிட்டீர்களே! அது எங்கள் வீட்டுப் பெண். மேற்கத்திய இசையில் நடத்துநர் கையை மேலே தூக்கும் தட்டு. அடுத்து கீழே இறங்குவதுதான் வலுவான தட்டு. அது பாட்டின் முதல் வலுவுக்கு முன்னால் வரும் மூச்சு. உற்சாகம் என்ற பொருள் எப்படி ஒட்டிக்கொண்டது என்று எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியாது. கை மேலே போவதைப் பார்த்தாலே கொஞ்சம் உற்சாகமாகத்தான் இருக்கிறது. ஆளுக்கும் சொல்லலாம், பேச்சின் தொனிக்கும் சொல்லலாம். தொனிக்குச் சொல்வது அதிகம்.

பங்குப்பித்தன் எழுதியது:

புல்லிஷ் எங்களுடையது; பங்கு விலை ஏறும் என்று நம்புகிறவரைச் சொல்வது. காளை கொம்பால் மேலே தூக்கும், கரடி கையால் கீழே அடிக்கும் என்று எல்லோரும் ஒரு கதை சொல்வார்கள். நினைவில் வைத்துக்கொள்ள நல்ல கதை, அதற்கு மேல் நான் உத்தரவாதம் தரமாட்டேன். பங்குச்சந்தை அறிக்கைகளில் ‘காளைப்போக்கு’ என்று எழுதிப் பழகிவிட்டோம். ஆனால் ஒரு மனிதரைப் பற்றி ‘அவர் தன் மகன் விஷயத்தில் புல்லிஷ்’ என்று வந்தால் தயவுசெய்து காளையை அவிழ்த்துவிடாதீர்கள். ‘மகன் மேல் பந்தயம் கட்டவும் தயார்’ என்கிற தோரணையில் ஏதாவது எழுதிவிடலாம்.

முன்னிடைச்சொல் (பிரிபொசிஷன்) விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், தேர்வுக்காரிக்கு உதவும். புல்லிஷ் பெரும்பாலும் ‘ஆன்’ கேட்கும், ‘அபவுட்’டும் ஏற்கும். ஆப்டிமிஸ்டிக்கும் சாங்க்வினும் ‘அபவுட்’ கேட்கும். பழைய உரைநடையில் ‘சாங்க்வின் ஆஃப் சக்சஸ்’ என்றும் பார்க்கலாம்; இன்று அப்படி எழுதினால் தாத்தாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்ததுபோல் இருக்கும்.

தேர்வுக்காரி எழுதியது:

மிக்க நன்றி. உச்சரிப்பு? எங்கள் வகுப்பில் ஒருவர் ‘சாங்க்வைன்’ என்றார்.

செம்பென்சில் எழுதியது:

‘வின்’ தான். ‘வைன்’ பாட்டிலில் இருக்கும்.

இன்னொரு பள்ளத்தையும் காட்டிவிடுகிறேன், ஏனென்றால் தேர்வில் இதைத்தான் வைப்பார்கள். ‘சாங்க்வினரி’ என்று ஒரு சொல் உண்டு. அதே வேர், நேர் எதிரான மனிதர்: இரத்தம் சிந்துகிற, இரத்தவெறி கொண்ட. ‘சாங்க்வின் தளபதி’ வெல்வோம் என்று நம்புகிறவர். ‘சாங்க்வினரி தளபதி’ அருகே போகாதீர்கள்.

நிதானி எழுதியது:

அதே வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக ‘சாங்ஃப்ருவா’ என்றும் ஒன்று இருக்கிறது. சொல்லுக்குச் சொல் ‘குளிர்ந்த இரத்தம்’. பொருள், நெருக்கடியில் பதறாமை. எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இப்போதெல்லாம் சிலர் ‘தோல்வியைப் பற்றி அவர் சாங்க்வின் ஆக இருந்தார்’ என்று எழுதுகிறார்கள். தோல்வி முடிந்துபோன விஷயம், அதில் நம்பிக்கைக்கு என்ன வேலை? ‘அலட்டிக்கொள்ளவில்லை’ என்ற பொருளில்தான் எழுதுகிறார்கள். இந்தக் குளிர்ந்த இரத்தம் அந்தச் சூடான இரத்தத்தோடு கலந்துவிட்டதோ என்னவோ. நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் ஏட்டுச்சுவடியின் பொறியாளர் பூட்ஸைக் கழற்றுகிற விதத்தைப் பார்த்தால் அவரிடம் இரண்டும் இருக்கின்றன.

மருந்துப்பெட்டி எழுதியது:

இரத்தம் என்றதும் தமிழின் பக்கமும் கொஞ்சம் பார்க்கத் தோன்றுகிறது. நம் மருத்துவ மரபில் குற்றங்கள் மூன்றுதான்: வாதம், பித்தம், கபம். ‘வளிமுதலா எண்ணிய மூன்று’ என்று 941ஆம் குறள் கணக்கையும் முடித்துவைத்துவிட்டது. இரத்தம் அந்த மூன்றில் இல்லை; ஏழு உடற்கட்டுகளில் ஒன்றாக, செந்நீர் என்று தனியாக நிற்கிறது. பித்தம் நமக்குப் பித்தனைத் தந்தது, பித்துப்பிடித்தலைத் தந்தது. அதே பித்தம் அவர்களுக்குக் கோபக்காரரைத் தந்தது. செந்நீர் குணம் எதையும் பெற்றுத் தரவில்லை. அதனால் சாங்க்வினுக்கு நேரான சொல் நம் மருத்துவத்திலிருந்து கிடைக்காமல் போனதில் வியப்பில்லை.

ஆனால் பேச்சு மரபில் இரத்தம் சும்மா இருக்கவில்லை. கோபத்தில் கொதிக்கிறது, பயத்தில் உறைகிறது, முகத்தில் செத்துப்போகிறது. ‘இளரத்தம், அப்படித்தான் பேசும்’ என்று சொல்கிறோமே, அதைக் கவனியுங்கள். எதுவும் முடியும் என்று நினைக்கிற, சிவந்த கன்னத்து உற்சாகம். கேலனே கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பார். என்ன, நாம் அதை வயதோடு கட்டிவிட்டோம். உங்கள் தலைமைப் பொறியாளருக்கு எத்தனை வயது?

ஏட்டுச்சுவடி எழுதியது:

ஐம்பத்தெட்டு. இளரத்தம் கைவிட்டுப் போனது.

நீங்கள் சொன்னவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி அந்த வாக்கியத்தில் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தேன். ‘மனந்தளராதவர்’ நன்றாக இருக்கிறது. ஆனால் அது அவர் எதையோ தாங்கிக்கொண்டிருப்பதுபோல் காட்டுகிறது. அவர் ஒன்றையும் தாங்கவில்லை, பூட்ஸிலிருந்து தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருக்கிறார். ‘கலங்காதவர்’ சாங்ஃப்ருவா பக்கம் போய்விடுகிறது. முக்கால்வாசி நிற்கும் என்ற கணக்கு அதில் இல்லை. ‘நம்பிக்கையோடு இருந்தவர்’ பிழையில்லை. ‘நம்பிக்கையான’ என்பதிலிருந்து ஓர் உருபு மாற்றத்தில் பொருள் சரியாகிவிடுகிறது என்பதே எனக்குப் பெரிய பாடம். ஆனாலும் செய்தித்தாள் தலைப்பின் வாடை அடிக்கிறது.

மீண்டும் மூலத்தைப் படித்தேன். அந்தச் சொல் வருவதற்கு முன் மற்றவர்களின் முகங்களைத்தான் நூலாசிரியர் வர்ணிக்கிறார்: வெளிறியவை, நனைந்தவை. அப்புறம்தான் இவர். மருந்துப்பெட்டி அம்மா சொன்னதுபோல் இது உடம்பில் இருக்கிற சொல். எனவே உடம்பிலும் மனத்திலும் ஒருசேர இருக்கும் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடினேன். கடைசியில் இப்படி வைத்திருக்கிறேன்:

‘அந்த இரவில் எங்களில் தெம்பு குறையாதவர் அவர் ஒருவர்தான்.’

சொல்லாய்வன் எழுதியது:

தெம்பு! இத்தனை பேர் இத்தனை தோண்டியும் யாருக்கும் தோன்றவில்லையே. ‘குறையாதவர்’ என்று எதிர்மறையில் வைத்ததும் அழகு.

நிதானி எழுதியது:

நன்று. முக்கால்வாசி கணக்கு அவர் வாயிலேயே முந்தைய வரியில் வந்துவிட்டதால் இந்தச் சொல் அதைச் சுமக்க வேண்டியதில்லை. காலையில் எத்தனை தாங்கிகள் நின்றன என்று சொல்லவே இல்லையே?

ஏட்டுச்சுவடி எழுதியது:

பன்னிரண்டில் ஏழு. “முக்கால்வாசிக்குப் பக்கத்தில்தானே” என்றாராம்.

செம்பென்சில் எழுதியது:

சாங்க்வினேதான்! எனக்கு ஒரே ஓர் ஆட்சேபணை. நீங்கள் ‘தெம்பு’ என்று எழுதியிருக்கிறீர்கள். ‘தென்பு’ என்றும் அச்சில் பார்த்திருக்கிறேன். எது சரி?

ஏட்டுச்சுவடி எழுதியது:

ஐயா, அதற்கு நீங்களே தனி இழை திறந்துவிடுங்கள். எனக்கு இன்னும் இருநூறு பக்கம் பாக்கி இருக்கிறது.